நக்லா ஆடாத அணி

கோடை முடிகிற சாயங்காலங்களில் தோஹாவில் கடல் பக்கமிருந்து ஒரு ஈரம் எழுந்து வந்து ஊரையே மூடிக்கொள்ளும்; கண்ணாடி மங்கும், சட்டை முதுகோடு ஒட்டும், சிமெண்ட் தரைகள்கூட மனிதர்களைப் போல வியர்க்கும். "ருத்தூபா" என்று எல்லோரும் அலுத்துக்கொண்ட அந்த ஈரத்தில், நஜ்மா என்ற பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூட மைதானத்திலிருந்து நனைந்த மணலும் சூடான ரப்பரும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றைக்கும் மழை பெய்த தெருவில் சைக்கிள் டயர் ஒன்று உரசிப் போனால் எனக்குப் பத்து வயது ஆகிவிடுகிறது.

அந்த மைதானத்தில்தான் ஒரு நாடு கூடைப்பந்து ஆடப் பழகிக்கொண்டிருந்தது. கத்தார் அப்போது புதிய நாடு. கொடி புதிது, தபால்தலை புதிது, தேசிய அணி என்ற நினைப்பும் புதிது. ஆடியவர்களோ முத்துக் குளித்தவர்களின் பேரன்மார், பாலஸ்தீனத்து வாத்தியார்களின் பிள்ளைகள், சூடானிலிருந்து வந்த குமாஸ்தாக்களின் மகன்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஆளுக்கொரு துடைப்பம் எடுத்துச் சிமெண்ட் தரையில் படிந்த மணலைக் கூட்டித் தள்ளுவார்கள். வளையத்தில் வலை கிடையாது. பந்து உள்ளே விழுந்ததா, வெளியே போனதா என்று சண்டை வரும். மெரூன் நிறச் சட்டை வியர்வையில் சாயம் விட்டு வெள்ளைக் கால்சட்டையெல்லாம் ரோஜா நிறமாகிவிடும். பக்கத்து நாட்டு அணிகள் வந்தால் தோற்பார்கள். தோற்றுவிட்டு, ஜெயித்தவர்களுக்கே கூட்டமாக நின்று தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள். எனக்கு அது ஏதோ கனவில் நடப்பதைப் போல இருக்கும்.

அவர்கள் நடுவில் என் அண்ணனும் ஆடினார். காயல்பட்டினத்து வழக்கப்படி நாங்கள் அண்ணனைக் "காக்கா" என்போம். காக்காவுக்கு அப்போது பதினேழு வயதிருக்கும். எங்கள் வம்சத்தில் எவருக்கும் இல்லாத உயரம். வாப்பாவின் மளிகைக் கடையில் மேல்தட்டுச் சாமான் எடுக்க ஏணி தேவைப்படாதது அவரால்தான். மைதானத்தில் அவரை "நக்லா" என்று கூப்பிடுவார்கள். பேரீச்ச மரம் என்று அர்த்தம். பந்தை வாங்கிக்கொண்டு அவர் எழும்பும்போது, கீழே நிற்கிறவர்கள் ஒரு கணம் ஆட்டத்தை மறந்து அண்ணாந்து பார்ப்பதை நான் மதில்மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

வீட்டில் யாருக்கும் இது அவ்வளவு பிடிக்கவில்லை. "அவன் பசியாறதுகூட அவங்களாட்டம் ஆயிட்டு, குபுஸ் ரொட்டி இல்லாட்டி இறங்க மாட்டேங்குது," என்று உம்மா குறைப்பட்டுக்கொள்வார். வாப்பாவோ, "பந்து சோறு போடுமா?" என்று கேட்டுவிட்டு, அன்றைய ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று என்னிடம் தனியாக விசாரிப்பார்.

அணியைப் பழக்கியவர் எகிப்திலிருந்து வந்த உடற்பயிற்சி வாத்தியார். எல்லோருக்கும் அவர் "உஸ்தாத்". ஒரு மதியம் அவர் எங்கள் கடைக்கு வந்தார். காக்கா அரிசி மூட்டை கொண்டுகொடுக்கப் போயிருந்தார். வாப்பாவுக்கு அத்தனை வருஷத்திலும் அரபி கடை வாசலைத் தாண்டவில்லை. "கம்" என்றால் எவ்வளவு, "மாஃபி" என்றால் இல்லை, "கலாஸ்" என்றால் முடிந்தது. அதற்கு மேல் பேச்சு போனால், காக்கா இல்லாத நேரத்தில் என்னைத்தான் கூப்பிடுவார். நான் அரபிப் பிள்ளைகளோடு ஓதப் போய்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உஸ்தாத் பெப்சி அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: உன் அண்ணன் தேசிய அணியில் ஆட வேண்டும், மேலிடத்தில் பேசிவிட்டேன், அவனுக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டே தருவார்கள், படிப்பும் வேலையும் அவர்கள் பொறுப்பு, அதற்கு அவனுடைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும்.

நான் வாப்பா பக்கம் திரும்பினேன். "காக்காட பாஸ்போர்ட்டைக் கேக்குறாங்க, வாப்பா."

வாப்பாவின் முகம் மாறியது. மஸ்கட்டின் ரூவி பகுதியில் அவருடைய சிநேகிதர் ஒருவர் பாஸ்போர்ட்டைக் கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம், கொடுத்துவிட்டு, சொந்தத் தாய் மௌத்தானபோது முகம் பார்க்கக்கூட ஊர் போக முடியாமல் கிடந்த கதை எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்படும்.

"திருப்பித் தருவாங்களாமா? கேளு."

நான் உஸ்தாதிடம் கேட்கவே இல்லை. கடை பாஷையிலேயே பதில் சொன்னேன். "மாஃபி, வாப்பா."

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள், அது திரும்பி வரப்போவதும் இல்லை. அதற்குப் பதிலாக என்ன வருகிறது என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். பிற்காலத்தில் கல்லூரியில் மொழி கற்பித்துப் பிழைத்தவன் நான். மொழிபெயர்ப்பைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது எத்தனையோ உதாரணம் சொன்னேன், அந்த மதியத்தை மட்டும் சொன்னதில்லை.

ஏன் செய்தேன் என்றால், முதல் காரணம் பயம். விமான நிலையத்தில் அந்த நாட்டுக்காரர்களுக்கு ஒரு வரிசை, நமக்கு ஒரு வரிசை. லீவுக்கு ஊர் போய்த் திரும்பும்போது காக்கா அந்த வரிசையில் நிற்க, நானும் உம்மாவும் இந்த வரிசையில் நிற்பதாக ஒரு படம் உஸ்தாத் பேசப் பேச என் கண்ணில் ஓடியது. இன்னொரு காரணமும் உண்டு. இத்தனை வயதுக்குப் பிறகு அதை மறைப்பதில் லாபமில்லை. எனக்குப் பொறாமை. மைதானத்தில் எனக்குப் பெயரே கிடையாது. "நக்லாவின் தம்பி" என்றுதான் கூப்பிட்டார்கள்.

"கலாஸ். தர முடியாதுன்னு சொல்லிடு," என்றார் வாப்பா. அதை மட்டும் சுத்தமாக மொழிபெயர்த்தேன். உஸ்தாத் வாப்பா கொடுத்த தேநீரைக் குடித்து முடித்து, என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

காக்கா உஸ்தாதை மைதானத்தில் பார்ப்பார், விஷயம் வெளிவரும், முதுகு கிழியும் என்று காத்திருந்தேன். அடி வரவில்லை. வாப்பாதான் மிரண்டு போயிருந்தார். இன்னொருவர் வந்து பாஸ்போர்ட் கேட்பதற்கு முன்னால், பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்காத சொந்தக்காரர் ஒருவரின் துணிக்கடையில் வேலைக்கென்று காக்காவை மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டார். எந்தப் பிரிவுக்குப் பயந்தேனோ அதை நானே கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். விமான நிலையத்தில் காக்கா குனிந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "வாப்பாக்கு அரபி சொல்ல இனி நீதான். சரியாச் சொல்லணும், என்னா?" என்றார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பதிலேயே என் ஆயுள் பெரும்பகுதி போய்விட்டது.

அணி வளர்ந்தது. ரூவியில் காக்கா தலை இடிக்கும் பரண்களுக்கடியில் துணி கிழித்துக்கொண்டிருந்த வருஷங்களில், தேநீர் ஊற்றிக் கொடுத்தவர்கள் அண்டை நாடுகளை ஜெயிக்க ஆரம்பித்தார்கள். ஆசியாவின் பெரிய அணிகளோடு மோதினார்கள். உலகக் கோப்பை வரைக்கும் போனார்கள். பத்திரிகையில் செய்தி வந்தால் நான் படிப்பேன். காக்காவிடம் அதைப் பற்றிப் பேசமாட்டேன்.

போன மாதம் தோஹாவில் இருக்கும் என் மகன் என்னை ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப்போனான். குளிரூட்டிய அரங்கம், சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஆப்பிரிக்காவில் பிறந்த ஒருவர், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர், இங்கேயே வளர்ந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரும் மெரூன் சட்டையில் நெஞ்சில் கைவைத்து நின்று தேசிய கீதம் பாடினார்கள். சாயம் போகாத சட்டைகள். என்னால் உட்கார முடியவில்லை. நடைவழிக்கு எழுந்து போய், காயல்பட்டினத்தில் முழங்கால் வலியோடு கட்டிலில் கிடக்கும் காக்காவுக்குப் போன் போட்டு, அந்த மதியத்தை முழுவதும் சொன்னேன்.

காக்கா கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "அடுத்த நாளே உஸ்தாத் சொல்லிட்டாருடா," என்றார்.

"பின்ன ஏன் வாப்பாகிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ இன்னைக்கு நிமிர்ந்து நடப்பியா? வாப்பா பெல்ட் எப்பிடின்னு மறந்துட்டியா?" சிரித்தார், இருமினார். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அவங்களோட ஆடலாம். அவங்களா ஆக முடியுமா? நீ சொன்னது எனக்குத் தோதாப் போச்சு."

அது உண்மையா, தம்பி நிம்மதியாகச் சாகட்டும் என்று சொன்னதா, எனக்குத் தெரியவில்லை. உண்மையாக இருந்தாலும் என் கணக்கு அதில் தீராது. அவருடைய பயத்துக்கு நான் மருந்து கொடுக்கவில்லை, சாக்குத்தான் கொடுத்தேன்.

"ஆட்டம் நடக்குதா?" என்று கேட்டார். "போனைத் தூக்கிப் பிடி. கேப்போம்."

கதவைத் தள்ளி உள்ளே போய்ப் போனை உயர்த்திப் பிடித்தேன். காதில் வைத்தபோது, "என்னடா இது, தச்சுப் பட்டறையாட்டம் கேக்குது," என்றார்.

"தரை மரம், காக்கா. நம்ம கிரவுண்டு இப்ப கார் நிறுத்துற இடம். சிமெண்டெல்லாம் போச்சு."

"அப்படியா," என்றார். "வச்சிராத. கொஞ்சம் இருக்கட்டும்."

போனை மறுபடி தலைக்கு மேல் தூக்கினேன். எனக்கு முன்னால் கடைசி வரிசையில் இருந்த பையன் ஒருவன், நான் படம் எடுக்கிறேன் என்று நினைத்து, மறைக்காமல் நகர்ந்து கொடுத்தான். கை கடுக்க ஆரம்பித்தது. இறக்கவில்லை.