மருந்தடித்த கறிவேப்பிலை

லீலாவை எனக்குப் பிடிக்காது. எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் யாருக்குமே பிடிக்காது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் இத்தனை வருடம் என் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். ஒரு நாளும் "சாப்பிட்டியா" என்று கேட்டதில்லை. "உன் பேரனைப் பிடி, செடியை மிதிக்கிறான்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள். கீழே செம்பருத்தி வேலியையும் அதற்கு நடுவில் நிற்கும் கறிவேப்பிலை மரத்தையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். புருஷன் போனபிறகு அவளுக்கு அதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. எங்களுக்கோ யார் வீட்டில் தாளித்தாலும் இலை அங்கிருந்துதான். தேக்கா சந்தைக்கு ஓட வேண்டாம் என்பதால் அவள் வாயைச் சகித்துக்கொண்டோம்.

பூச்சிமருந்து என்றாலே அவளுக்கு ஆகாது. மாவுப்பூச்சி பிடித்த கிளையை வெட்டிப் பையில் கட்டிப் போடுவாள். மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டுவாள். புழு நாலு இலை தின்றால் தின்னட்டும் என்பாள். மனிதர்களிடம் இல்லாத பொறுமை புழுவிடம் உண்டு.

தோட்டக் குழுத் தலைவர் நடேசனுக்கு இது பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வருவதாக இருந்தது.

"வேலியெல்லாம் வெள்ளையா இருக்கு. சண்டேக்குள்ள கிளீன் ஆகலைன்னா கான்டிராக்டர்கிட்ட கொடுத்துடுவேன் லா."

"அவன் மருந்தடிச்சா பூச்சியைத் தின்ற வண்டும் சேர்ந்து சாகும். அடுத்த மாசம் ரெண்டு மடங்கா வரும். அப்ப என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள் லீலா.

சனிக்கிழமை காலை வேலியோரம் மருந்து நாற்றம். மருந்தடித்தது நீங்கள்தானே என்று லீலா எங்கள் எல்லோர் முன்னாலும் நடேசனைக் கேட்டாள்.

"நான் தொடவே இல்ல. உன் மூக்குல கோளாறு" என்றார் அவர்.

அன்று மதியம் அவர் மகள் வர்ஷாவுக்கு வளைகாப்பு. புளோக்குக்கே அழைப்பு, லீலாவை மட்டும் விட முடியவில்லை. வளையல் அடுக்கி முடிந்ததும் வர்ஷா முன்னால் கலவை சாதத் தட்டை வைத்தார்கள். எலுமிச்சை, புளி, தயிர், மூன்றிலும் கறிவேப்பிலை தாராளமாக இருந்தது.

"இலை ஏது?" என்று லீலா நடேசன் மனைவியைக் கேட்டாள்.

"காலையில கீழதான் பறிச்சேன். ஏன், உங்களைக் கேட்டுட்டுத்தான் பறிக்கணுமா?"

லீலா வர்ஷாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அண்ணே, நீங்கதான் தொடவே இல்லையே. முதல் வாய் நீங்களே ஊட்டுங்க."

நடேசன் நின்ற இடத்திலேயே நின்றார். வர்ஷா சிரித்துக்கொண்டே தானே ஒரு பிடி எடுத்தாள். அவர் பாய்ந்து தட்டைத் தட்டிவிட்டார். சாதம் தரையெல்லாம் சிதறியது.

"சாப்பிடாதம்மா. நான்தான் அடிச்சேன்."

பிள்ளைத்தாய்ச்சியை வைத்தா பந்தயம் கட்டுவாய் என்று லீலாவை அறைய எனக்குக் கை துடித்தது. அப்போதுதான் பார்த்தேன். வர்ஷாவின் மணிக்கட்டை அவள் முன்னமே இறுகப் பிடித்திருந்தாள்.

பரிசு எதுவும் வரவில்லை. கான்டிராக்டரும் வரவில்லை. நடேசன் தன் பொறுப்பில் இருந்த தோட்டத் தண்ணீர்க் குழாயின் சாவியை லீலா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். மருந்து பட்ட கறிவேப்பிலை மரத்தை அவள் அடிக்கட்டை மட்டும் விட்டு வெட்டிவிட்டாள்.

சில மாதங்களில் மறுபடி அது தளதளவென்று துளிர்த்தது. நடேசன் மனைவி கிண்ணத்தோடு இறங்கி வந்தாள். லீலா குழாயை மூடாமலே சொன்னாள்.

"என்னைக் கேக்க வேணாம். உங்க வீட்டுக்காரரைக் கேட்டுட்டுப் பறிங்க."