எண் சொல்லும் ஜன்னல்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதருக்குக் கம்பெனியில் ‘நியாயம்’ என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. லிஃப்டுக்குள் ஆறு பேர் என்று எழுதியிருந்தால் ஆறு பேர்தான் ஏற வேண்டும் என்பார். ஒருநாள் ஏழாவதாக ஏறியவர் அந்தக் கட்டடத்தின் மேலாளர். “சார், இறங்கிப் படியில வாங்க” என்று அவரையும் இறக்கிவிட்டார். மேலாளர் மூச்சு வாங்கப் படியேறினார். அடுத்த மாதம் அந்தக் கட்டடத்தின் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. முதலாளி கூப்பிட்டுக் கத்தியபோதும் நம்மவர் அசரவில்லை. “மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

அந்த ஒரு வரி அவருக்குத் தும்மல் மாதிரி, தானாக வரும். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் வரும். டிவியில் ஆட்டம் பார்க்கும்போது நடுவர் ஒருபக்கமாகச் சாய்ந்தால் வரும். “அந்தக் குடம் இன்னுமா உடைஞ்சு முடியல?” என்பாள் மனைவி.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு விளையாட்டுப் பைத்தியம் இருந்தது. பெட்டி தேடுகிற ஆட்டம். யாராவது ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை ஊருக்குள் ஒளித்து வைப்பார். அது இருக்கும் இடத்தை இணையதளத்தில் குறித்து, அதற்கென்று ஒரு பக்கம் எழுதுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடி வந்து, பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். பரிசு கிடையாது, பாராட்டு கிடையாது. வேலைவெட்டி இல்லாதவர்களின் ஆட்டம் என்பாள் மனைவி. இடுப்பு எலும்பு முறியும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி திருத்திக் கொடுப்பவள். குளியலறையில் வழுக்கி விழுந்தபின் வாசற்படி இறங்க முடியாமல் போயிற்று. மெஷினிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து மெஷினுக்கும் சுவரில் பொருத்திய கம்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், அவ்வளவுதான். பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். தூரத்தில் இருக்கும் மகள் போனில் பேசுவதோடு சரி. வாய் ஓயாமல் பேசுகிறவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் அவர் வேலை முடிந்து வந்தபோது, “பால் தீந்துபோச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அவருக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. பெட்டி செய்யத் தெரியும். எண்பூட்டு போட்ட இரும்புப் பெட்டி ஒன்று செய்து எதிர்ச்சாரி விளக்குக் கம்பத்தின் அடியில் பொருத்தினார். மனைவியின் பெயரில் பக்கம் ஆரம்பித்து, ‘பூட்டின் எண் வேண்டுமா? எதிரே துணி திருத்தும் கடை ஜன்னலில் தையல்காரம்மாவைக் கேளுங்கள். கிழிந்தது ஏதாவது இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள்’ என்று எழுதினார்.

ஆட்கள் வந்தார்கள். அவளும் எண்ணைச் சட்டென்று சொல்லிவிடமாட்டாள். எங்கிருந்து வருகிறீர்கள், சாப்பிட்டாயிற்றா, சட்டையில் ஏன் பொத்தானைக் காணோம் என்று எல்லாம் விசாரித்த பிறகுதான் எண். எண் வாங்கிப் போன நர்ஸ் ஒருத்தி மறுபடியும் வந்து, “எண்ணெல்லாம் வேணாம்மா, சும்மாதான் வந்தேன்” என்று ஜன்னலுக்கு வெளியே நின்று அரட்டை அடித்தாள். ஊருக்குள் போக முடியாதவளைத் தேடி ஊரே வந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, “இன்னைக்கு யார் வந்தா தெரியுமா?” என்று ஆரம்பித்துவிடுவாள். அவர் காலணியைக் கழற்றுவதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஆட்டத்தில் வியாபார வாசனையே கூடாது. பக்கத்தில் கடைப்பெயர் வரக்கூடாது, விளம்பரம் வரக்கூடாது, கடைக்குப் போய் ஆளைக் கேள் என்று எழுதவே கூடாது. இதைக் கவனிக்க வட்டாரத்துக்கு ஒரு சரிபார்ப்பவர் உண்டு. சம்பளமில்லாத வேலை. இந்த வட்டாரத்துக்காரர் தளத்தில் ‘ஆந்தை’ என்று பெயர் வைத்திருந்தார். ஆணா பெண்ணா என்பதுகூட யாருக்கும் தெரியாது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், மாட்டிக்கொள்வதுதான் ஆளுக்கு ஆள் வேறு. ஒரு பெரிய செருப்புக் கம்பெனி தன் முத்திரை அடித்த பெட்டிகளை ஊரெல்லாம் வைத்திருந்தது. தலைமை அலுவலகத்தோடு ஒப்பந்தமாம், அதனால் அது விளம்பரம் இல்லையாம். மனைவியின் பக்கமோ ஆந்தைக்கு முன்னால் சரிபார்ப்பவராக இருந்த ஒரு தூங்குமூஞ்சியின் காலத்தில் நழுவி உள்ளே வந்தது.

அதை நம்மவர் மறந்தே போனார். அதுதான் வினை.

பாலத்துக்கு அடியில் அவர் புதிதாக ஒரு பெட்டி வைத்தார். ‘வண்டியை ஆணிக்கடை ஓரமாக நிறுத்தலாம், அங்கே திருகாணி நன்றாக இருக்கும்’ என்று பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். கடையை எடுங்கள் என்று ஆந்தை திருப்பி அனுப்பியது. சரி, விதி விதிதான் என்று எடுக்கப்போனவர் கண்ணில் அதே வட்டாரத்துப் பேக்கரிக்காரர் ஒருவரின் புதுப் பக்கம் பட்டது. ‘சூடான பன் வாசனையைப் பிடித்துக்கொண்டே வாருங்கள்’ என்று கடைப்பெயரோடு ஜம்மென்று நின்றது. அவருக்கு ரத்தம் கொதித்தது. கம்பெனியில் சாப்பாட்டு நேரம் முழுவதும் உட்கார்ந்து புகார் எழுதினார். பன்னுக்குத் திறக்கும் கதவு ஆணிக்கு மூடுமா என்று கேட்டார். மாமியாரையும் குடத்தையும் இழுத்தார். ‘இந்த வட்டாரத்தில் உள்ள எல்லாப் பக்கங்களையும் ஒரே கண்ணால் பாருங்கள்’ என்று முடித்தார்.

ஆந்தையின் பதில் உடனே வந்தது. ‘ஒன்றை விட்டுவிட்டோம் என்பதற்காக இன்னொன்றையும் விட முடியாது. ஆனால் நீங்கள் கேட்பது நியாயம். எல்லாப் பக்கங்களையும் மறுபடி பார்க்கிறேன்.’

‘நீங்கள் கேட்பது நியாயம்’ என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். தெருமுனை திரும்பியபோது யாரோ ஒருவர் ஜன்னல் முன் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே ‘இங்கு துணிகள் திருத்தித் தரப்படும்’ என்ற பலகை. எல்லாப் பக்கங்களும் என்றால் இந்தப் பக்கமும்தானே! வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று தெருவிலேயே நின்றுவிட்டார்.

முதலில் பேக்கரிக்காரரின் பக்கம் முடங்கியது. அடுத்து ஒரு சலூன்காரருடையது. ஆந்தை வீடு வீடாக வருவது போல அவருக்குத் தோன்றியது. மனைவியின் பக்கத்தில் இருக்கும் கடை வரியை அழித்துவிடலாமா என்று யோசித்தார். அழித்தால் ‘மாற்றப்பட்டது’ என்று ஆந்தைக்குத் தகவல் போகும், தூங்குகிறதைத் தட்டி எழுப்பியது போலாகும். அழிக்காவிட்டாலும் வரும். சோறு இறங்கவில்லை.

ஆந்தை நேரிலேயே வந்து பார்க்கக்கூடும் என்று நினைத்துக்கொண்ட பிறகு இன்னும் மோசம். பெயின்ட் அடிக்கப் போவதாகச் சொல்லிப் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். ஜன்னலுக்கு வருகிற ஒவ்வொருவரையும் திரைக்குப் பின்னாலிருந்து உற்றுப் பார்த்தார். கண்ணாடி போட்டவர்மேல் சந்தேகம் வந்தது, கண்ணாடி போடாதவர்மேல் அதைவிடச் சந்தேகம். ஒரு விடுமுறை நாளில், வேலிக்கம்பியில் பேன்ட்டைக் கிழித்துக்கொண்ட பெண்மணி ஒருவர் வந்து, “அம்மா, இதைக் கொஞ்சம் தச்சுத் தர முடியுமா?” என்று கேட்டார். மனைவி வாய் திறக்கும் முன் இவர் பாய்ந்து வந்தார்.

“இங்க தையல் எல்லாம் கிடையாதுங்க.”

அந்தப் பெண்மணி மெஷினைப் பார்த்தார். மெஷின்மேல் கிடந்த துணியைப் பார்த்தார். மனைவி கணவரைப் பார்த்தாள்.

“என்னங்க ஆச்சு உங்களுக்கு? அப்ப நான் இவ்வளவு நாளா இதுல மாவா அரைச்சிட்டிருந்தேன்?” என்றவள், “நீங்க குடுங்கம்மா” என்று கை நீட்டினாள்.

வேலையிலும் புத்தி நிற்கவில்லை. ஒரு அலுவலகத்தில் லிஃப்டின் தலைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தபோது பையில் போன் அதிர்ந்தது. மகள்தான். ஆனால் அதைப் பார்ப்பதற்குள் ஆந்தைதான் என்று நினைத்துவிட்டார். கீழே இறங்கினால் ஒரு கூட்டமே பொத்தானை அழுத்தி அழுத்தித் திட்டிக்கொண்டிருந்தது. ‘வேலை நடக்கிறது’ பலகையை மாட்டவே மறந்திருக்கிறார். இதே தப்புக்காக எத்தனை பேரை அவர் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்! “மன்னிச்சுக்கங்க” என்றார். கம்பெனியில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

அன்று வீடு திரும்பியபோது பேக்கரிக்காரர் ஜன்னலை விட்டு நகர்ந்துகொண்டிருந்தார்.

“வாங்கண்ணே, உங்களுக்குத் தெரியுமா? யாரோ ஒரு புண்ணியவான் புகார் எழுதிட்டான். என் பக்கம் போச்சு. எழுதுனவன் பேரைச் சொல்லாம, எழுதுனதை மட்டும் ஆந்தை எனக்கு அனுப்பியிருக்கு. அக்காகிட்ட இப்பதான் படிச்சுக் காட்டினேன். உங்க பக்கத்தையும் பத்திரமா பாத்துக்கங்க.”

“அப்படியா” என்றார் இவர். உள்ளே போனார். மனைவி ஒரு சட்டைக் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இன்று யார் வந்தார்கள் என்று சொல்லவே இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். “பால் வாங்கணுமா?” என்றுதான் வந்தது.

இரண்டொரு நாளில் ஆந்தையின் ஓலை வந்தது. மனைவியின் போனில்தான் வந்தது, அவளே படித்துக் காட்டினாள். ‘கடையில் இருப்பவரைக் கேட்டுத்தான் எண் பெற வேண்டும் என்பது விதிக்குப் பொருந்தாது. கடை பற்றிய வரிகளை எடுங்கள். எண்ணைக் கட்டடத்துக்கு வெளியே எழுதி வையுங்கள். அதுவரை பக்கம் நிறுத்தி வைக்கப்படுகிறது.’

“பரவால்லையே, பக்கத்தை மூடலையே” என்றார், உற்சாகமாகச் சொல்ல முயன்று.

“பெட்டி இருக்கும்ங்க” என்றாள் அவள். “சுவத்துல எண்ணைப் பாத்துட்டு, பெட்டியைத் திறந்துட்டுப் போயிட்டே இருப்பாங்க. என்கிட்ட எதுக்கு வரணும்?”

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. மெஷினை மூடிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இதற்கிடையில் பேக்கரிக்காரர் தலைமை அலுவலகத்துக்கு முறையிட்டுத் தன் பக்கத்தை மீட்டுவிட்டார். பன், வாசனை, கடைப்பெயர் எல்லாம் அப்படியே. அதைப் பார்த்ததும் குடம் தொண்டைவரை வந்தது. விரல் போனில் புகார் எழுதும் இடத்தில் போய் நின்றது. ஜன்னலோரம் பார்த்தார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முதுகைப் பார்த்தார். போனை அணைத்து வைத்தார்.

எண்ணைப் பொறித்த தகடு ஒன்று செய்துகொண்டு வந்தார். கையில் திருகாணியோடு சுவர் முன் வெகுநேரம் நின்றார். வெளியே என்றால் வெளியே, ஆனால் வெளியே எங்கே என்று ஆந்தை சொல்லவில்லையே! விதியின் சந்துபொந்தில் நுழைபவர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டியவர், கொஞ்சம் வெட்கத்தோடு, ஜன்னல் கதவின் வெளிப்புறத்தில் தகட்டைப் பொருத்தினார். ஜன்னல் திறந்திருக்கும்போது கதவின் அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சாத்தினால்தான் எண் தெரியும். உள்ளே ஒரு அம்மா உட்கார்ந்திருக்கும்போது முகத்தில் அடித்தாற்போல் ஜன்னலைச் சாத்த யாருக்குக் கை வரும்? கேட்டுத்தானே ஆகவேண்டும். பக்கத்தில் ‘எண் ஜன்னலுக்கு வெளியே உள்ளது’ என்று மட்டும் எழுதினார். ஆந்தை பக்கத்தைத் திறந்துவிட்டது. நேரில் வந்து பார்த்தால் என்ன சொல்லுமோ, அந்தப் பயம் போகவில்லை.

முதலில் வந்தவர் ஒரு நடுவயதுப் பெண். சுவரைத் தடவினார், ஜன்னலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், போகத் திரும்பினார். இவர் உள்ளே இருட்டு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தலை தூக்கவே இல்லை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மறுபடி வந்து கதவுக்கும் சுவருக்கும் நடுவே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த ஜன்னலை ஒரு தடவை சாத்திக் காட்டுறீங்களா?”

மனைவி கம்பி வழியே கைநீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள். அறை இருண்டது.

“புகார் எழுதினது நீங்கதானே?” என்றாள், திரும்பாமலே.

அவர் மூலையிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார்.

“பேக்கரித் தம்பி படிச்சுக் காட்டுனப்பவே தெரிஞ்சுபோச்சு. அதுல குடம் உடைஞ்சிருந்துச்சு.”

“ஏன் கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். தினமும் பாத்தேன்.”

“பயமா இருந்துச்சு” என்றார் அவர். “நீ மறுபடியும் பேசாமப் போயிடுவியோன்னு.”

வெளியே ஜன்னலை மெல்லத் தட்டும் சத்தம். “எழுதிக்கிட்டேம்மா, திறக்கலாம்.”

“இருங்கம்மா, ஒரு நிமிஷம்” என்று குரல் கொடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, “அடுத்த தடவை ஊருக்கு நியாயம் கேக்கப் போறப்ப, வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க” என்றாள்.

கதவைத் தள்ளினாள். வெளிச்சம் உள்ளே வந்தது.

“எங்கேருந்து வர்றீங்க?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள்.