ஜெர்சினா சாய்க்காத குவளை

எங்கள் ஊரில் நடந்த சினிமாப் படப்பிடிப்பில் எனக்குக் கிடைத்தது பிண வேஷம். ஜெர்சினா அக்காவின் வாசற்படி ஓரமாக, சட்டை முழுக்கச் சிவப்புச் சாயத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். "சேக்கா, ஒனக்கு ஏத்த வேலைதான்டா, சும்மா படுத்துக் கெடக்குறது" என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். அன்றைக்கு அக்காவை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அக்கா ஆடு வளர்த்து, ஆட்டுப்பாலில் சீஸ் செய்து சந்தையில் விற்கிறவள். வடகிழக்குப் பிரேசிலின் இந்தக் காய்ந்த பூமியில் தண்ணீர் லாரி வந்தால் அதுவே திருவிழா. ஆனாலும் வாசலில் நின்று தண்ணீர் கேட்டவனுக்கு இங்கே யாரும் இல்லையென்று சொல்வதில்லை. அக்காவும் ஒருநாள் பைக்கில் வந்த ஒருவனுக்குக் குவளை நிறையக் கொடுத்தாள். குடித்தான், கும்பிட்டான், நேராக ஏரிக்கரைக்குப் போய் அவள் தம்பி தமியானைச் சுட்டுக் கொன்றான். நிலம் பிடுங்க வந்த கும்பல் அனுப்பிய ஆள் அவன்.

கும்பலை நாங்கள் ஊராகச் சேர்ந்து விரட்டிவிட்டோம். அவன் மட்டும் அகப்படவே இல்லை. "என் கையால குடிச்சுட்டுப் போய்த்தானே சுட்டான்" என்று அக்கா சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அதற்குப் பிறகும் கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் குவளையைத் தேய் தேயென்று தேய்ப்பாள்.

படத்தின் கதையும் கிட்டத்தட்ட எங்கள் கதைதான். அதில் வீட்டுக்காரியாக நடிக்க அக்காவையே பிடித்திருந்தார்கள். கடைசியில் குண்டடிபட்ட கும்பல் தலைவன் அக்கா வாசலில் விழுந்து தண்ணீர் கேட்பான். அவள் அதை அவன் கண்ணெதிரே மண்ணில் கொட்ட வேண்டும்.

முதல் தடவை கேமரா ஓடியபோது, அக்கா பாட்டுக்குக் குவளையை அவன் கையில் கொடுத்துவிட்டாள். தலைவனாக நடித்த ஒட்டாவியோ ரெசிஃபி நகரத்துப் பையன். என்ன செய்வதென்று தெரியாமல் குடித்தும் விட்டான்.

"அக்கா, குடுக்கக் கூடாது, கொட்டணும்" என்றாள் டைரக்டர் லீவியா.

அடுத்த தடவை கை சாயவே இல்லை. அதற்கடுத்த தடவை குவளையைத் திண்டில் வைத்துவிட்டாள்.

"தண்ணி என்னம்மா பாவம் பண்ணுச்சு? அதப்போய் மண்ணுல கொட்டச் சொல்ற?"

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. லீவியாவுக்குப் பொறுமை போய்விட்டது. தமியான் கதையை ஊரில் யாரோ அவள் காதில் ஓதியிருக்க வேண்டும். "உங்க தம்பியச் சுட்டவன் இவன்தான்னு நெனச்சுக்குங்க அக்கா" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்குப் பிணம் எழுந்து அவளை அறைந்திருக்கும். அக்கா உள்ளே போனாள். குவளையை நிறைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"தண்ணி... ஒரு வாய்..." ஒட்டாவியோ முனகினான்.

நான் இமையிடுக்கால் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அக்கா அவனையே பார்த்தாள். பிறகு குவளையைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். குடித்தாள். அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மடக் மடக்கென்று, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். குவளையை அவன் முகத்துக்கு நேரே கவிழ்த்துக் காட்டினாள். ஒரு துளிகூட விழவில்லை.

செத்துக் கிடக்கிறேன் என்பதே மறந்து கண்ணை அகலத் திறந்துவிட்டேன். அது அப்படியே படத்தில் இருக்கிறது. "பொணம் முழிச்சுப் பாக்குது" என்று இன்னும் கேலி செய்கிறார்கள். ஆயிரம் கண் இருந்தாலும் அன்றைக்கு அத்தனையும் திறந்திருப்பேன்.

லீவியா 'கட்' சொல்லவும் மறந்துபோனாள். ஒட்டாவியோ கீழே கிடந்தபடியே நிஜமாகவே அழுதான். அக்கா உள்ளே போனாள். குவளையைத் தேய்க்கவில்லை. அப்படியே மறுபடி நிறைத்து எடுத்து வந்து அவன் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

"குடி மகனே. உனக்கு எப்பவும் உண்டு. அவனுக்குத்தான் இல்ல."