முத்துக்குளிப்பு இல்லாத வருஷங்கள்

அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற அம்மா, "இன்னா மேடம், இந்த வருசமாவது முத்து எடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எனக்கு முழம் போடுவார். நான் மீன் இலாகாவில் டைப்பிஸ்ட். எங்கள் பிரிவின் வேலை முத்துச் சிப்பியைக் காப்பாற்றுவது. நான் எண்பதுகளில் சேர்ந்தபோதே தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிப்பு நின்றுபோய் வெகு காலம் ஆகியிருந்தது. காப்பாற்றுகிற வேலை மட்டும் நிற்கவில்லை.

வருஷா வருஷம் ஆட்கள் கடலில் முங்கி, சிப்பி ஒட்டியிருக்கும் பாறைகளைப் பார்த்துவிட்டுக் கடிதம் அனுப்புவார்கள். அதை வைத்து எங்கள் ஆபீசர் அறிக்கை எழுதுவார். 'சிப்பிகள் குறைவு, இருப்பவையும் சிறியவை, இவ்வாண்டு குளிப்பு நடத்த இயலாது.' எப்போதும் இதேதான். மூன்றாவது வருஷம் கடிதம் வருவதற்கு முன்பே நான் அதை டைப் அடித்து வைத்துவிட்டேன். ஆபீசர் திட்டவில்லை. கடலில் இறங்காமலே உனக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறதே என்றார். தொட்டியில் குஞ்சுச் சிப்பி வளர்த்து, படகில் கொண்டுபோய்க் கடலில் கொட்டிவிட்டும் வந்தார்கள். கடல் என்ன சார் நம்ம அம்பத்தூர் ஏரித் தண்ணியா, போட்டது போட்ட இடத்தில் இருக்க, என்று நானும் சும்மா இருக்காமல் கேட்பேன்.

ஆபீசர் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வேலையில் சேர்ந்து அவர் தூத்துக்குடி போய் இறங்கியபோது, கடைசிக் குளிப்பு முடிந்து, கரையில் அதற்காகப் போட்ட பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். அடுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் ரிட்டயர் ஆவேன் என்பார். கல்யாணமான புதிதில் மனைவியிடமும் வாக்குக் கொடுத்திருந்தார், அடுத்த குளிப்புக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன் என்று. அந்த அம்மா, "பேத்திக்கே கல்யாண வயசு வந்துடும் போல" என்று எல்லார் எதிரிலும் அவரை வாருவார்.

அவர் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தபோது கடிதம் வந்தது, பாறை தெரியாத அளவுக்குச் சிப்பி என்று. நான் அடித்து வைத்திருந்த அறிக்கை குப்பைக் கூடைக்குப் போனது. பிரிவு முழுக்க போண்டா வாங்கிக் கொடுத்தார் மனிதர். ஆனால் எல்லாம் இளம் சிப்பி. முத்து விளைய இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும். மேலிடத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? இப்போதே குளிப்பு நடத்தலாமா என்று கேட்டு ஃபைல் வந்தது. சரி என்று இவர் எழுதினால் போதும், பந்தல் போட்டுவிடுவார்கள்.

"எழுதிடுங்க சார். நீங்க பார்க்காம வேற யாரு பார்க்கறது?" என்றேன்.

"அதெல்லாம் இன்னும் பச்சைக் குழந்தைம்மா," என்றார். 'இரண்டு ஆண்டுகள் பொறுக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தார். அதை டைப் அடிக்கும்போது எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த கடிதத்தில், பாறை மேல் ஒரு சிப்பி இல்லை. மணல் மூடியதோ, மீன் தின்றதோ, யாருக்கும் தெரியவில்லை. அந்த அறிக்கையை அடித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன்.

அந்த வாரமே அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து சிப்பியைப் பற்றிக் கேட்டார். என்னால் மறைக்க முடியவில்லை. "அவருக்கு மட்டும் தெரிய வேணாம். அப்புறம் சாப்பாடு இறங்காது அவருக்கு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதிலிருந்து ஆபீசர் கண்ணில் படாமல் ஸ்டேஷனுக்கு வேறு வழியாகப் போய்வந்தேன். ஒரு நாள் மார்க்கெட்டில் காய்கறிப் பையும் கையுமாக மடக்கிவிட்டார். சிப்பி நன்றாக வளர்கிறது சார் என்று ஆரம்பித்தேன்.

"தூத்துக்குடிலேர்ந்து எழுதிட்டாங்கம்மா, எனக்குத் தெரியும்," என்றார். "நீ இதை எங்க வீட்ல மட்டும் சொல்லிடாதே. குளிப்புக்குப் போகன்னு புதுசா பெட்டியெல்லாம் வாங்கி வச்சிருக்கா."

சரி சார் என்றேன். அதன் பிறகு நான் எப்போது அந்த வீட்டுக்குப் போனாலும், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னிடம் கேட்பார்கள், சிப்பி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று. நான் உள்ளங்கையை விரித்து, இவ்வளவு என்று காட்டுவேன்.