மாமாவின் உட்காருற ஜீப்பு

வாடகைக்கு வாகனம் விடுகிற ஹயர் தொழிலில் ரெண்டு பேரை நம்பவே கூடாது: "இந்தா, வந்துட்டேன்" என்கிற டிரைவரையும், "ஒரு குறையும் இல்லாத வாகனம்" என்று விற்கிறவனையும். நாங்கள் ரெண்டு பேரையுமே நம்பினோம்!

டிரைவர், என் மாமா சிவலிங்கம். வாகனம், பதினெட்டு வருஷப் பழசான வெளிநாட்டுச் சொகுசு ஜீப்பு. தோல் சீட்டு, கூரையில் கண்ணாடி, சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. அதை வாங்குவதற்காக மாமா விற்றது, புஷ்பா மாமி ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்த த்ரீவீலரை. மாமி அழவில்லை, சத்தம் போடவில்லை. "சித்திர வருஷப் பொறப்பு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இது பேரெடுக்கலேன்னா வித்துட்டு என் த்ரீவீலரத் திருப்பித் தந்துரணும்" என்றார். அவ்வளவுதான்.

நான் மாமாவின் அக்கா மகள், ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் அவருக்கு அடுத்த காம்பரா எங்களுடையது. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். யார் குரலையும் அப்படியே பேசுவேன் என்பதால் ஃபோன் வேலை என்னிடம் வந்தது. "ஒரு நிமிசம், மேனேஜர்கிட்ட குடுக்கிறேன்" என்று ஆபீஸ் பெண் குரலில் சொல்லி, மேனேஜராகவும் நானே இருமிக்கொண்டு பேசுவேன். பழைய வாகனம் வைத்திருக்கும் என் சக பாவிகளே, இனி நடந்ததைக் கேளுங்கள்.

நாலு எலுமிச்சம்பழம்

முதல் நாள் மாரியம்மன் கோயிலில் பூசை. மாமா பக்தி முற்றி, டேஷ்போர்டில் இடம் தேடி, ஒரு பெரிய முருகன் படத்தைப் பசை போட்டு ஒட்டினார். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆனது. நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். "ஏத்து!" என்றார் பூசாரி.

மாமா சாவியைத் திருப்பினார். 'டிங்… டிங்… டிங்…' என்று ஒரு மணிச் சத்தம், மஞ்சளாக ஒரு விளக்கு. எஞ்சின் அசையவில்லை. பதினைந்து பேர் தள்ளியும் நகரவில்லை. எலுமிச்சம்பழம் நாலும் நோகாமல் இருந்தன. பூசாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நானும் எத்தனையோ லொறிக்குப் பூசை போட்டிருக்கேன் தம்பி, எலுமிச்சம்பழம் வண்டிய நிப்பாட்டி இன்னைக்கித்தான் பாக்குறேன்."

மெக்கானிக்கின் மருந்துச் சீட்டு

அன்றிலிருந்து மாமாவுக்கு அந்த 'டிங்' என்றால் குலை நடுக்கம். எனக்கோ கொண்டாட்டம்! நாக்கை மேலண்ணத்தில் தட்டி அதே சத்தத்தை எழுப்பக் கற்றுக்கொண்டேன். பின் சீட்டிலிருந்து 'டிங்' என்பேன், மாமா பிரேக் அடித்து இறங்கிச் சுற்றிச் சுற்றி ஓடுவார். ஏழாவது தடவை பிடிபட்டு, குட்டும் வாங்கினேன்.

நிஜ டிங்குக்கு வைத்தியம் பார்த்தவர் கரவனெல்ல மெக்கானிக் பண்டார பாஸ். ராத்திரி நிறுத்தினால் காலையில் ஜீப்பு வயிறு தரையில் பட, எருமை மாதிரி படுத்திருக்கும். காற்றுப் பை ஓட்டை. ஒரு பை மாற்றினால் அடுத்த பை ஒழுகும். பை சரியானால் காற்றடிக்கிற மோட்டார் சாகும். எல்லாச் சாமானும் கொழும்பிலிருந்து வரவேண்டும். பாஸ் போனட்டை மெதுவாக மூடிவிட்டு, மாமியைச் சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டுச் சொன்னார்: "நங்கி, இந்த வாகனம் சாமான் கேக்கிறது இல்ல, சீதனம் கேக்கிறது!"

வாய் நிறைய லட்டு

சித்திரை வருஷத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரிய ஹயர் கிடைத்தது. மேல் டிவிஷன் லயத்திலிருந்து கல்யாணப் பொண்ணை ஏற்றி பஜார் மண்டபத்துக்குக் கொண்டுபோகணும். மாமிக்குக் காட்ட மாமாவுக்கு இது ஒன்றுதான் இருந்தது. மலையேறும்போது 'டிங்… டிங்…' "அடியே, வாய மூடு! இன்னைக்கிமா விளையாட்டு?" மறுபடி 'டிங்'. மாமா திட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். என் வாய் நிறைய லட்டு! அவர் முகம் வெளுத்துப்போனது. பாதி மலையில் திருப்ப இடமில்லை, ஏறித்தான் ஆகணும். நான் விளையாடாமல் இருந்திருந்தால் அடிவாரத்திலேயே நிறுத்தியிருப்பார்.

லயத்து வாசலில் நிறுத்தியதும், நூறு பேர் பார்க்க, 'புஸ்ஸ்ஸ்' என்று ஜீப்பு தரையோடு படுத்தது. மாமா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஆனால் பொண்ணோட அம்மா, முழங்கால் வலியால் எந்த வாகனத்திலும் ஏறமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தவர், கிட்டே வந்தார். ஒரு காலைத் தூக்கி வைத்தார். உள்ளே உட்கார்ந்தே விட்டார்! "அடி ஆத்தி! எனக்காக மண்டி போட்டுச்சே, மகராசன் வாகனம்!"

கணக்கப்பிள்ளையின் உத்தரவு

ஏறியாச்சு, மலை இறங்குவது எப்படி? வயிறு தட்டும் ஜீப்பு, வழியெல்லாம் கல், முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம். மாமா என்னைப் பார்த்தார். நான் ஜீப்புக்குப் பின்னால் குனிந்து, காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புகிற பிரட்டில் கேட்கிற தோட்டத்துக் கணக்கப்பிள்ளை குரலை எடுத்துவிட்டேன்: "ஏய்! என்னா வேடிக்க? கல்லப் பொறக்குங்க! ம், ம், வெரசா!"

பழக்கதோஷம் பாருங்கள்! பட்டுவேட்டியும் சென்ட்டுமாக நின்ற இளவட்டம் மொத்தமும் குனிந்து கல் பொறுக்கியது. தப்பு மேளக்காரர்கள் முன்னால் அடித்துக்கொண்டு நடக்க, ஜீப்பு தேர் மாதிரி தவழ்ந்து, முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் மண்டபம் சேர்ந்தது. விருந்தாளியாக வந்திருந்த நிஜக் கணக்கப்பிள்ளை மட்டும் கையில் ஒரு கல்லோடு கேட்டுக்கொண்டே வந்தார்: "நான் எப்பப்பா சொன்னேன்?"

முருகனுக்குப் பின்னால்

வந்த காசெல்லாம் போட்டு ஜீப்பை நிமிர்த்தினோம். அதற்குள் கல்யாணக் கதை ஊர் ஊராகப் பரவி, வருஷத்துக்கு முந்தின நாள் பெல்மதுளையிலிருந்து ஒருவர், முழங்கால் முடியாத அம்மாவோடு ஹயர் பேச வந்தார். அண்ணாந்து பார்த்தார். "உக்காருற ஜீப்பு இல்லியா இது? அப்ப வேணாங்க." மாமி ஃபோனில் வாகனம் விற்கிற புரோக்கர் நம்பரைத் தேடினார்.

பில் காசு வாங்க வந்திருந்த பண்டார பாஸ் விசாரித்தார். டேஷ்போர்டைத் தடவினார். முருகனைக் கும்பிட்டுவிட்டு, படத்தின் ஓரத்தைப் பக்குவமாக உரித்தார். அடியில் ஒரு பட்டன்! அமுக்கினார். 'புஸ்ஸ்ஸ்.' ஜீப்பு சமத்தாக உட்கார்ந்தது. இன்னொரு அமுக்கில் எழுந்தது. கம்பெனிக்காரனே வைத்த வசதி! வந்தவர் அந்த இடத்திலேயே முன்பணம் நீட்டினார்.

மாமி ஃபோனை என் கையில் வைத்துவிட்டு மாமாவிடம் சாவிக்குக் கை நீட்டினார்: "ஜீப்பு இருக்கட்டும். ஆனா இனிமே ஓட்டுறது நான். நீங்க முருகனுக்கு வேற எடம் பாருங்க."

ஆகவே சக பாவிகளே, சாமியைத் தாராளமாக நம்புங்கள், ஆனால் படத்தை ஒட்டுவதற்கு முன்னால் அடியில் இருக்கிற பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.