ஆறாம் வகுப்பில் என் மகள்

கொரோனா இரண்டாம் அலை நாட்களில் என் வேலை பள்ளிக்கே உதாரணமாக இருந்தது. தலைமையாசிரியை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்படித்தான் எழுதினார். வகுப்பு தடங்கலில்லாமல் நடக்கிறது, இடைவேளையிலும் சந்தேகம் தீர்க்கிறார், சாயங்காலம் திருப்புதலும் உண்டு என்று. எல்லாம் உண்மைதான். காரணம் மட்டும் அவருக்குத் தெரியாது.

அன்றே சக ஆசிரியை ஒருத்தி போன் செய்தாள். "ஏன்டி, நீ பாட்டுக்கு ராத்திரி வரைக்கும் கிளாஸ் எடுக்கறே. இப்ப எங்களையும் எடுக்கச் சொல்றாங்க. உங்க வீட்ல சமையல் கிமையல் ஒண்ணும் கிடையாதா?"

சமையல் இருந்தது. கஞ்சியும் ரசமும். பட்டாபிராமில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில், ஒரே படுக்கையறை. கணவர் வேலையாக ஓசூர் போய் ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள், தொற்று உறுதியானதும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு நான் ஹாலுக்கு வந்து ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துவேன். முக்காலியைக் கவிழ்த்து, அதன் கால்களுக்கு இடையே இரண்டு ஸ்கேல்களைக் கட்டி, மேலே போனைப் படுக்கவைத்திருந்தேன். கீழே வெள்ளைத்தாள். நான் எழுதுவது பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களுடைய முகங்கள் மேலே திரையில் எனக்குத் தெரியும்.

என்னிடம் இருந்தது அந்த ஒரு போன்தான். வகுப்பு நடக்கும்போது மகளோடு பேச வழியில்லை. அதனால் அவளையே வகுப்பில் சேர்த்துக்கொண்டேன். பேட்டரி செத்த பழைய லேப்டாப்பைப் பிளக்கில் செருகிவைத்துக்கொண்டு, அவளும் திரையில் ஒரு கட்டத்துக்குள் வந்து படுத்திருந்தாள்.

முதல் நாளே ஒரு பையன் கேட்டான். "மிஸ், அந்த அக்கா யாரு மிஸ்? நியூ அட்மிஷனா?"

இன்னொருவன், "டேய், இன்னாடா சிக்ஸ்த்துல இவ்ளோ பெர்சா கீறாங்க!" என்றான்.

அவள் சிரித்தாள், அப்புறம் இருமினாள். என் பெண் என்று சொல்லிவிட்டு எல்லோருடைய மைக்கையும் அணைத்தேன். வருகைப்பதிவு எடுக்கும்போது கடைசிப் பெயருக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்துவேன். அவள் ஆக்சிமீட்டர் மாட்டிய விரலைக் கேமராவுக்கு நேராக நீட்டுவாள். ஆக்சிஜன் எண்ணைப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குவேன். வகுப்பு முடிந்தால் அந்தக் கட்டம் மூடிவிடும். அதனால்தான் முடிக்கவே மனமில்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அன்று மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய கட்டம் காணாமல் போனது. பிள்ளைகள் இப்படிப் போவதும் வருவதும் வழக்கம். யார் மறைந்தாலும் "நெட்வொர்க், வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு மேலே போவோம். எங்கள் எல்லோருக்கும் அது வாயில் ஊறிய வார்த்தை. அன்றும் சொன்னேன். கரண்ட் போயிருக்கும் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மாஸ்க் போடாமல் கதவைத் திறந்தேன். கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தபடி சாய்ந்திருந்தாள். எழுந்தபோது தலை சுற்றியிருக்கிறது. லேப்டாப் வயர் காலில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. விரலில் இருந்த எண், டாக்டர் போனில் எச்சரித்த அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. நான் கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்காகப் போனை எடுக்க ஹாலுக்கு ஓடிவந்தேன். என் மைக் திறந்தே இருந்தது. திரையில் அத்தனை முகங்களும் அசையாமல் இருந்தன. கரையான்சாவடிப் பையன் ஒருவனுடைய கட்டத்தில், அவனை நகர்த்திவிட்டு அவன் அப்பா முகத்தை நீட்டினார். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்.

"டீச்சர், ஊடு எங்க கீது? வண்டி சும்மாத்தான் நிக்குது. வந்துகினே கீறேன்."

"கொரோனாங்க. உங்க வீட்லயும் குழந்தை இருக்கான்."

"அத்த அப்பால பாத்துக்கலாம். நீங்க பொண்ண கீழ எறக்கிகினு வாங்க."

ஆம்புலன்ஸ் லைன் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர்தான் வந்தார். ஓட்டுநர் இருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவே பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்தார். முதல் மருத்துவமனையில் படுக்கை இல்லை. இரண்டாவதில் ஆக்சிஜனோடு ஒன்று கிடைத்தது.

சாயங்காலம் மருத்துவமனை வாசலில் நிற்கும்போது தலைமையாசிரியையிடமிருந்து செய்தி வந்தது. இன்று வகுப்பு ஏன் பாதியில் முடிந்தது என்று. நெட்வொர்க் என்று பதில் போட்டேன்.

மகள் பிழைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளைகள் ஒரே சமயத்தில் மைக்கைத் திறந்து, "அக்கா, அக்கா" என்று கத்தினார்கள். நான் அணைக்கவில்லை.

இப்போது அவள் அம்பத்தூரில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை செய்கிறாள். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை. அதே அறை, அதே சாத்திய கதவு. விடுமுறை நாட்களில் ஹாலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தும்போது, அவள் குரல் கொஞ்ச நேரம் கேட்காவிட்டால் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறேன். "அம்மா, மீட்டிங்" என்பாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒற்றை விரலை மட்டும் எனக்கு நேராக நீட்டுவாள். அதில் இப்போது ஒன்றும் மாட்டியிருப்பதில்லை. இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போவேன் என்று அவளுக்கும் தெரியும்.