வழுக்க வேண்டிய போல்ட்டு

கிடுக்கி அண்ணன் இறுக்கிய போல்ட்டை எமனே வந்தாலும் கழற்ற முடியாது என்று ஊரே சொல்லும். ஊர் என்றால் அவரும், கூட வேலை பார்க்கும் அவருடைய மச்சானும். வீட்டில் அவர் சர்க்கரை டப்பாவை மூடிவிட்டால், அன்றைக்கு எல்லோருக்கும் வெறும் காபிதான்.

அப்பேர்ப்பட்டவரை நம்பி, நாற்பது மாடிக் கான்கிரீட் கட்டடத்தில் நில அதிர்வைத் தாங்கும் தகடுகளைப் பூட்டும் வேலையைக் கொடுத்தார்கள். தூண்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சட்டங்கள். அவை சந்திக்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தகடுகள், அவற்றில் போல்ட்டுகள். அளவு வைத்த ஸ்பேனர் ‘டிக்’ என்றதும் நிறுத்த வேண்டும். அண்ணன் நிறுத்துவார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரே ஒரு இழுப்பு. அது கட்டடத்துக்காக அல்ல, கையின் திருப்திக்காக.

மாடி முழுக்க முடித்து மீசையை முறுக்கியபோது இன்ஜினியர் அம்மா வந்தார்.

“இனிமே இது அசையவே அசையாது மேடம்!”

“அசையணும்ணே! பூமி குலுங்குறப்ப இந்தத் தகடு வழுக்கி உரசணும். அந்த உரசல்லதான் ஆட்டம் அடங்கும். வழுக்கலன்னா மொத்த அடியும் தூணுக்குத்தான்.” சொல்லிவிட்டு அவர் அடுத்த மாடிக்கு ஏறிவிட்டார்.

மீசையிலிருந்து அண்ணனின் கை இறங்கியது. பயிற்சி வகுப்பில் இதைத்தான் சொன்னார்கள் போலிருக்கிறது. அன்று அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மின்விசிறியின் போல்ட்டு தளர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் தகடுகளை மறைத்துச் சுவர் எழுப்பப் பலகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. பூமிக்கு மட்டும் தெரியும். வாயைத் திறந்தாலோ, வாழ்நாளில் சம்பாதித்த ஒரே நல்ல பெயரும் போய்விடும். பேசாமல் இருந்துவிடலாம் என்றால், இந்தச் சுவரோரம் யாரோ குழந்தையின் கட்டிலைப் போடுவார்களே என்று ஒரு நினைப்பு. நாசமாய்ப் போகிற நினைப்பு.

“மூடாதீங்கப்பா. எல்லாத்தையும் கழட்டணும்.”

கழன்றால்தானே! ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி, மச்சானும் ஒரு பலகைக்காரரும் வௌவால் மாதிரித் தொங்கினார்கள்.

“எந்த மடையன்யா இப்படி இறுக்கினான்?” என்று மூச்சு வாங்கினார் பலகைக்காரர்.

“எனக்கு ரொம்ப வேண்டியவன்தான்,” என்றார் அண்ணன்.

இன்ஜினியர் அம்மா இறங்கி வந்து தலையில் அடித்துக்கொண்டார். திட்டி முடித்ததும் புதுப் போல்ட்டுகளை வரவழைத்துப் பக்கத்திலேயே நின்றார்.

‘டிக்.’

கை அரித்தது. அண்ணன் இடது கையால் வலது கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“என்னண்ணே, திருப்தியா?”

“இல்ல மேடம். அரைகுறையா விட்ட மாதிரியே இருக்கு.”

“அப்ப சரியாத்தான் இருக்கும். அடுத்ததுக்குப் போங்க.”